எஞ்சினைப் பூட்ட மூன்று நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மாவட்டத்து இளைஞர் ஒருவர், தம் தாத்தாவின் அம்பாசடர் கார் எஞ்சினை மூன்றே நாளில் பிரித்து, பழுது நீக்கி, திரும்பப் பூட்டி ஓடவிட்டார் என்ற செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படத்துடன் கண்டேன். பழைய வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாமல் காப்பாற்ற நினைத்த அந்தப் பிள்ளையின் ஆசையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 'மூன்றே நாளில்' என்பதைத் தலைப்பிலேயே போட்டு, அந்த வேகத்தையே சாதனையாகக் காட்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய எஞ்சினைப் பிரிக்க ஒரு பகல் போதும். பெரும்பாலும் அது கெடுவது பூட்டும்போதுதான். இதைப் பணத்தையும் ஒரு நல்ல சிலிண்டரையும் இழந்து கற்றுக்கொண்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1968ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2. என் தகப்பனார் வாங்கிய வண்டி. 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த அந்த வண்டி, பாலம் திறந்த அடுத்த வாரமே எங்கள் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு தன் சக்கரத்திலேயே ராமேசுவரம் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அமைப்பில் வங்காளத்தின் உத்தர்பாடாவில் தயாரான இந்த வண்டிக்கு, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 1489 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 2014இல் தயாரிப்பே நின்றுபோனது. உதிரி பாகங்கள் இன்றும் கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் பொருளின் அளவும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. ஆகவே வண்டியோடு பிறந்த பாகம் ஒன்றைப் பூட்டும்போது கெடுத்துவிட்டால், அதற்கு ஈடான இன்னொன்று கைக்கு வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கொடுத்தேன். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். நான்காம் நாள் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். நானும் மகிழ்ச்சியோடுதான் ஓட்டி வந்தேன். எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடியிராது, பின்னால் நீலப் புகை கக்கத் தொடங்கியது. மறுபடி சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன்களை வெளியே எடுத்துப் பார்த்தபோது, இரண்டாவது பிஸ்டனில் ஒரு பக்கம், பிஸ்டனை ராடோடு இணைக்கும் கஜன் பின்னுக்கு மேலேயும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பின்னுக்குக் கீழேயும் பளபளவென்று தேய்ந்திருந்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் நேராக ஏறி இறங்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. காரணம், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் என்னும் சுழல் தண்டுக்குக் கொண்டுபோகும் கனெக்டிங் ராடு கோணியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோணல்தான். லேத் பட்டறையில் அளவுக்கம்பி போட்டுப் பார்த்த பிறகே தெரிந்தது.

புத்தம்புதிதாகப் பூட்டிய எஞ்சினில் ராடு எப்படிக் கோணும்? என் வண்டியின் எஞ்சினில் கஜன் பின்னை ராடின் சிறிய முனை கவ்விப் பிடித்திருக்கும். கவ்வுவதற்கு அங்கே ஒரு போல்ட்டு உண்டு. அந்தப் போல்ட்டு உள்ளே போவதற்குப் பின்னின் நடுவில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். பள்ளமும் போல்ட்டுத் துளையும் நேராக இல்லாமல் முடுக்கினால் மரை போய்விடும் என்பது ஒரு தொல்லை. பெரிய தொல்லை வேறு. போல்ட்டை முடுக்கும்போது ராடை வைஸ் என்னும் இடுக்கியில் கவ்வவே கூடாது. பின்னின் இரு முனைகளிலும் தக்க அடைப்பு வைத்து, பின்னைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் முடுக்கும் விசை ராடை முறுக்காது. அவசரத்தில் ராடையே கவ்வி ஒரு முடுக்கு முடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்து விநாடியின் விலை ஒரு ராடு, ஒரு பிஸ்டன், மறுபடி நான்கு சிலிண்டர்களுக்கும் உட்சுவரைக் கடையும் போரிங் வேலை.

இரண்டாம் முறை எவரிடமும் கொடுக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை காத்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளில்தான் மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்களைக் கரைக்கு இறக்கிப் பிரிப்பார்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவரும் பெரியவர் ஒருவர் எனக்குத் துணைக்கு வந்தார். கீழக்கரைக்காரர், அண்ணன் என்று பொருள்படும் அவ்வூர் வழக்கில் 'காக்கா' என்றுதான் நாங்கள் எல்லாரும் அழைப்போம். கரையிலிருந்து பத்து மைல் தள்ளி நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டே வேலை செய்து பழகிய கை அவருடையது. "தம்பி, ரோட்டுல நின்னா லாரி வந்து இழுக்கும். கடல்ல நின்னா காத்துதான் இழுக்கும்" என்பார். என் வீட்டுப் பின்கட்டில், உச்சிப்புளியில், பதினெட்டு நாள் வேலை நடந்தது. அதில் முதல் ஐந்து நாளும் ஒரு பாகத்தைக்கூட எஞ்சினில் மாட்டவில்லை என்பதை அந்த இளைஞர் கவனிக்க வேண்டும் என விரும்புகிறேன்.

அந்த ஐந்து நாளும் சுத்தம் செய்தோம், அளந்தோம். நம் கடற்கரையில் சுத்தம் என்பது தனிப் பாடம். போரிங்கும், கல்லால் சுவரை இழைக்கும் ஹோனிங்கும் முடிந்து வந்த சிலிண்டர் சுவரில் உப்புத்தாள் பொடியும் கல் தூளும் ஹோனிங் விட்டுச்சென்ற மெல்லிய குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் அவை போவதில்லை. எண்ணெய்ப் பசையோடு இன்னும் ஆழமாக ஒட்டிக்கொள்ளும். சோப்பும் சுடுநீரும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். எங்கள் கிணற்று நீரில் கழுவினால் உப்பு தங்கிவிடும் என்பதால், குழாயில் வரும் காவிரிக் குடிநீரை நான்கு குடம் சேர்த்து வைத்துக் கழுவினோம். இதற்காக வீட்டில் நான் வாங்கிய வசவு தனிக் கணக்கு. கழுவிய இரும்பைக் காயவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் செம்பொடி படிந்திருக்கும். அவ்வளவு ஈரமும் உப்பும் நம் காற்றில் உண்டு. ஆகவே துடைத்த கையோடு எஞ்சின் ஆயில் தடவி, பாலிதீன் தாளால் மூடிக் கட்டினோம். கச்சான் காற்று மணலை வாரியடிக்கும் பிற்பகல்களில் மூட்டையையே அவிழ்ப்பதில்லை என்று காக்கா ஒரு விதி வைத்திருந்தார்.

துடைப்பதற்கு எல்லாப் பட்டறையிலும் பனியன் வேஸ்ட்தான் பயன்படுகிறது. அதன் நூல் பிசிறு கிராங்கின் எண்ணெய்த் துளைக்குள் போனால் கிராங்கைத் தாங்கும் பேரிங்குக்கு ஆயில் போவது தடைபடும். நைந்த வேட்டித் துணியே நல்லது. கிராங்கை லேத்தில் கிரைண்ட் செய்து வாங்கி வந்தவர்கள், அதன் உள்ளே ஓடும் எண்ணெய்த் துளைகளைக் கம்பிப் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்டவே கூடாது. அங்கே தங்கிய கல் தூள் முதல் நிமிடத்திலேயே ஆயிலோடு பேரிங்குக்கு வந்துவிடும். பேரிங் மென்மையான உலோகம். தூள் அதில் புதைந்து, பிறகு பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலை அரம்போல அராவும்.

கிராங்கை அங்குலத்தில் ஆயிரத்தில் 10 அல்லது 20 பங்கு குறைத்துக் கிரைண்ட் செய்திருந்தால், பேரிங்கின் முதுகில் அதே எண் முத்திரை இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டியவர்கள் உண்டு. முத்திரை சரியாக இருந்தாலும் அளந்தே ஆக வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு நூல் துண்டு ஒன்றை ஜர்னலின் மேல் வைத்து, மூடியை உரிய அளவுக்கு முடுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மறுபடி கழற்றினால், நசுங்கிய நூலின் அகலமே பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சொல்லிவிடும். நூலின் உறையிலேயே அளவுகோல் அச்சிட்டிருக்கும். இடைவெளி அதிகமானால் சிலர் மூடியின் விளிம்பை அரத்தால் அராவுவார்கள். வேறு சிலர் பேரிங்குக்கு அடியில் தகரம் செருகுவார்கள். இரண்டும் எஞ்சினுக்கு இழைக்கும் துரோகம்.

பேரிங் மூடிகளும் கனெக்டிங் ராடு மூடிகளும் தத்தம் இடத்தில் இருந்தபடியே துளை கடையப்பட்டவை. இரண்டாம் ராடின் மூடி மூன்றாம் ராடுக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும், பொருந்தாது. திருப்பி மாட்டினாலும் கெட்டது. ஆகவே பிரிக்கும்போதே எண் குறித்து, ஒவ்வொரு சிலிண்டரின் பாகங்களையும் தனித்தனி ஓலைக் கொட்டானில் போட்டு வைத்தோம். சுழலும் கேமின் அசைவை வால்வுகளுக்குக் கொண்டுபோகும் டாப்பெட்டுகளுக்கும் புஷ் ராடுகளுக்கும் இதே மரியாதை உண்டு. பல ஆயிரம் மைல் ஒரே கேமின் மேல் ஓடித் தேய்ந்து பழகிய டாப்பெட்டை இடம் மாற்றிப் போட்டால், இரண்டும் சேர்ந்து கெடும். புதிய கேம் போடுகிறவர்கள் டாப்பெட்டையும் புதிதாகவே போட வேண்டும்.

இந்த எஞ்சினின் கிராங்குக்கு மூன்றே மூன்று மெயின் பேரிங்குகள். நடுப் பேரிங்கின் இரு பக்கமும் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் அரைவட்டத் தகடுகள் வரும். தகட்டில் எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். கை தவறித் திருப்பிப் போட்டுவிட்டால் எண்ணெய் இல்லாமல் உரசி, சில வாரங்களில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கே முன்னால் நகரத் தொடங்கும். ஒவ்வொரு மூடியாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பதே காக்காவின் வழக்கம். மூன்றையும் முடுக்கிய பிறகு சுற்றிப் பார்த்து, இறுகி நின்றால் குற்றம் எதனுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் இந்நாளில் அதிகம் நடக்கும் சேதம் அதுவே. அம்பாசடரின் இந்த எஞ்சினில் நட்டு, போல்ட்டு எல்லாம் அங்குலக் கணக்கு. இன்றைய பட்டறைகளில் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர், மில்லிமீட்டர் போல்ட்டு. அரை அங்குல நட்டின் உண்மையான அகலம் 12.7 மில்லிமீட்டர், அதன்மேல் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை உருண்டுவிடும். அதைவிட மோசம், பதினாறில் ஐந்து பங்கு (5/16) அங்குலத் துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைச் செருகுவது. பருமன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதில் அங்குலத்துக்கு 24 மரை, இரண்டாவதில் சுமார் 20. இரண்டு சுற்று தடையில்லாமல் போகும், பிறகு இறுகும். 'துரு' என்று நினைத்து ஸ்பேனரை நீட்டி முடுக்குகிறவர் அத்துடன் எஞ்சின் பிளாக்கின் மரையை அழித்துவிடுகிறார். எந்தப் போல்ட்டையும் முதலில் விரலால் இடப்பக்கம் சுற்றினால், மரை மரையோடு சேரும் இடத்தில் ஒரு சிறு 'டிக்' கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றினால் வெறும் விரலாலேயே முக்கால் பங்கு போக வேண்டும். போகவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

அடி மூடிய துளைகளில் இன்னோர் ஆபத்து உண்டு. கழுவும்போது அவற்றில் எண்ணெயோ நீரோ தங்கிவிட்டால், போல்ட்டை முடுக்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லை; அதை நசுக்கவும் முடியாது. ஜாக்கி தூக்கும் விசை என்னவோ அதே விசைதான் அங்கேயும் வேலை செய்து பிளாக்கைப் பிளந்துவிடும். துளைக்குள் துணித் திரியை விட்டு உறிஞ்சி எடுப்பதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

பிஸ்டன்களுக்கு ரிங் போடும் நாளில் காக்கா என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ரிங்கையும் முதலில் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதை மட்டமாக உள்ளே தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அளந்தார். 73 மில்லிமீட்டர் சிலிண்டருக்குப் பொதுக் கணக்குப்படி 0.22 முதல் 0.30 மில்லிமீட்டர் இருக்கலாம். அதற்குக் குறைந்தால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறிவிடும். ஒரு ரிங் குறைவாக இருந்தது. முனையை மெல்லிய அரத்தால் மூன்று தடவை இழுத்து, அளந்து, மறுபடி இரண்டு தடவை இழுத்தார். பிஸ்டனை உள்ளே இறக்கும்போது சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தள்ளினார். மூன்றாவது பிஸ்டன் பாதியில் நின்றது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னொரு தட்டு தட்டியிருப்பேன். அவர் வெளியே இழுத்துப் பார்த்தார். ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பிலிருந்து நழுவிய ரிங் ஒன்று பிளாக்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அந்த இன்னொரு தட்டில் ரிங் முறிந்திருக்கும், வார்ப்பிரும்பு வளையாது. ராடில் போல்ட்டு நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் வேறு எஞ்சின்களில், பிஸ்டனை இறக்குமுன் போல்ட்டுகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டிவிட வேண்டும்; இல்லையேல் அவை மெருகிட்ட ஜர்னலில் கோடு போட்டுவிடும்.

ஹெட் மாட்டுவதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினொரு நட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்க வேண்டும். 'கைக்கணக்கு போதும்' என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. கோணிய ஹெட்டைத் தளம் சீவக் கொண்டுவரும் வரிசையில் அவர்களை மறுபடி பார்க்கலாம். பழைய ஹெட் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை உலர்ந்தபடி சுரண்டித் தூளை மூச்சில் வாங்க வேண்டாம், நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசும் பழக்கமும் வேண்டாம். உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து ஆயில் பம்பின் வலையைப் போய் அடைக்கும்.

கடைசி நாள் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. காக்கா ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். ஹேண்டிலைப் போட்டு மாறி மாறிச் சுற்றினோம். ஆயில் பம்பை முன்பே எண்ணெயால் நிரப்பித்தான் மாட்டியிருந்தோம். இருந்தும் உச்சியில் வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரை எண்ணெய் ஏறிக் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கை மாட்ட அனுமதித்தார். பூட்டிய எஞ்சினை வறண்ட பேரிங்கோடு ஓடவிட்டால், பதினெட்டு நாள் உழைப்பு முதல் நிமிடத்திலேயே தேய்ந்துபோகும் என்பது அவருடைய கணக்கு.

இதில் சட்டமும் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துகளோடு பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பிளாக் வெடித்து, வேறு வண்டியின் டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். நம் ஊர்களில் அப்படி மாற்றிய அம்பாசடர்கள் எத்தனை என்று எண்ணவே எனக்கு மனமில்லை.

தாங்கள் படம் வெளியிட்ட வண்டி இப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். என் வண்டியும் எண்ணூறு கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓடியது. அந்த இளைஞர் இக்கடிதத்தைப் படிப்பாரானால் ஒன்று கேட்டுக்கொள்வேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் வடித்து, துணியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு காந்தத்தையும் அதன்மேல் ஓட்டுங்கள். கரிய பொடி கொஞ்சம் காந்தத்தில் ஒட்டினால் அது ரிங் சிலிண்டரோடு பழகிய பொடி, பயமில்லை. காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ செதில் மினுங்கினால் அது பேரிங். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அடித்தொட்டியைக் கழற்றுங்கள். அப்போதும் கிராங்கைக் காப்பாற்ற நேரம் இருக்கும். தடைக்காலமாக இருந்தால் காக்காவும் கரையில்தான் இருப்பார்; நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.